ஏட்டைப் படிக்க ஆள் வேண்டும்

பனையோலைகளைப் படம் எடுக்கப் பணம் வருகிறது. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பட்டதாரிக்கு வழி எங்கே இருக்கிறது?

ஓலையில் இரண்டே எழுத்து. அதை ‘எரி’ என்றும் படிக்கலாம், ‘ஏரி’ என்றும் படிக்கலாம். ஒன்று நெருப்பு, மற்றது நீர்நிலை. எழுதியவர் இரண்டையும் ஒரே வடிவத்தில்தான் எழுதியிருப்பார். எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் இன்று நாம் காட்டும் வேறுபாடு பழைய ஏடுகளில் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் அரிது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ‘கொடி’ என்று ஒருவர் கீறியதை இன்னொருவர் ‘கோடி’ என்று படிக்கலாம். ‘கெரடி’, ‘கேரடி’ என்று படிக்கவும் எழுத்து இடம் கொடுக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கினாலும் பல ஏடுகளில் வரி மாறாது. ஓலையின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே ஓட்டம்.

படிப்பவர் எதை வைத்து முடிவு செய்வார்? முதலில் யாப்பு கைகொடுக்கும். ‘எரிபுரை’ என்று கொண்டால் நிரை நிரை, கருவிளம். அகவலடியில் இயல்பாக வந்து அமரும் சீர் அது. ‘ஏரிபுரை’ என்று கொண்டால் நேர் நிரை நேர், கூவிளங்காய். அகவலின் ஓசையில் அது நெருடும். பிறகு பொருள் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பழைய உரைகாரர் யாராவது அந்த அடியை மேற்கோளாக எடுத்திருக்கிறாரா என்று தேட வேண்டும். அதே நூலின் வேறு சுவடிகளில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். இத்தனையும் ஒரு சொல்லுக்கு. பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த சங்கப் பாட்டு ஒவ்வொன்றும் இப்படி எவரோ ஒருவரின் கண்ணிலும் காதிலும் புகுந்து, நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகளைக் கடந்துதான் அச்சுக்கு வந்தது.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்பை ஃபிலாலஜி என்கின்றன. நம் ஊரில் சுவடியியல், மூலபாட ஆய்வு, பதிப்பியல், மொழிநூல் என்று பல கிளைகளாக அது கிடக்கிறது. இதில் முதுகலையும் முனைவர் பட்டமும் செய்ய வேண்டும் என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால் முதல் கேள்வி, “அதைப் படித்து என்ன செய்வாய்?” என்பதாக இருக்கும். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால், இந்த நாட்டில் என்ன வேலை பாக்கி கிடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869-இல் ஏற்பட்டது. காலின் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டியவை அதன் அடித்தளம். இன்று அங்கே பல மொழிகளிலும் சேர்த்து 70,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. தஞ்சையில் சரசுவதி மகால், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் என்று வரிசை நீள்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகளுக்கு அந்த இடம் 1997-லேயே கிடைத்துவிட்டது. மத்திய அரசு 2003-இல் தேசியச் சுவடிகள் இயக்கத்தைத் தொடங்கியது. 2025 பட்ஜெட்டில் ஞான பாரதம் என்ற பெயரில் 1 கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்கும் திட்டத்தை அறிவித்தது.

படம் எடுத்து வைப்பது அவசியமான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுக்குப் படம் இருந்திருந்தால் என்று நினைக்காத தமிழ் ஆய்வாளர் இருக்க முடியாது. ஆனால் கேமராவை இந்த வருடமே வாங்கிவிடலாம். ஏட்டைத் தடுமாறாமல் படித்து, பாடம் தேர்ந்து, உரை கண்டு பதிப்பிக்கும் ஒருவரை உருவாக்கப் பத்து வருடம் ஆகிறது. பணம் முதல் வேலைக்குப் போகிறது, இரண்டாவது வேலைக்குப் போவதில்லை. யாராலும் படிக்க முடியாத படங்களை வன்தட்டில் அடுக்கி வைப்பதால் ஒரு நூலும் உயிர் பெறாது. சுவடி படிக்கத் தெரிந்த இளைய தலைமுறையை உருவாக்குவதுதான் இன்று தமிழுக்குச் செய்ய வேண்டிய முதல் செலவு என்று உறுதியாக நம்புகிறேன்.

சமணர் வீட்டில் ஒரு மாணவர்

உ.வே. சாமிநாதையரை நாம் ‘தமிழ்த் தாத்தா’ ஆக்கிவிட்டோம். அவர் மாணவராக இருந்ததை மறந்துவிடுகிறோம். சீவக சிந்தாமணி 1887-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 32. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகவும் ஆகிவிட்டவர். அப்படிப்பட்டவருக்கு ஏட்டிலிருந்த சிந்தாமணி விளங்கவில்லை. சமண சமயச் செய்திகள் புரிந்தால்தான் நூலின் பாடத்தை முடிவு செய்ய முடியும். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போனார். அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் பாராயணம் செய்து வந்தவர்கள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஏட்டில் திருகிக் கிடந்த சொற்கள் அங்கேதான் நிமிர்ந்தன.

மணிமேகலையில் சிக்கல் இன்னும் பெரிது. அது எந்தச் சமயத்து நூல் என்பதே தொடக்கத்தில் தெளிவாக இல்லை. உடன் பணியாற்றிய ரங்காசாரியார்தான் அது பௌத்த நூல் என்று கண்டு சொன்னார். ஆங்கிலத்திலிருந்த பௌத்த நூல்களைப் படித்து அவற்றின் செய்திகளை ஐயருக்கு எடுத்துரைத்தவரும் அவரே. அந்தக் கல்வி வருடக் கணக்கில் நடந்தது. மணிமேகலை 1898-இல் அச்சேறியது.

இன்றைய பல்கலைக்கழக மொழியில் சொல்வதானால், ஐயர் செய்தது தனக்குத் தானே வகுத்துக்கொண்ட ஒரு முனைவர் படிப்பு. சுவடி தேடல், ஒப்புநோக்கல், பிற துறை அறிஞரிடம் கற்றல், சொல்லடைவு தயாரித்தல் எல்லாம் அதில் இருந்தன. சிந்தாமணியின் உரைகாரர் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டும் அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடித் தேடித்தான் சங்க நூல்களின் வாசலுக்கு அவர் வந்தார். இந்த ஒழுங்கை இன்று எந்தக் கல்லூரியில் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம்?

அவருக்கு முன்னும் உடனும் நின்றவர்களையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். வீரசோழியத்தை 1881-லும் கலித்தொகையை 1887-லும் பதிப்பித்தவர் அவர். அடுத்த தலைமுறையில் எஸ். வையாபுரிப் பிள்ளை வந்தார். சட்டம் படித்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகி அந்த மாபெரும் வேலையை 1936-இல் முடித்துக் கொடுத்தார். சைவ சித்தாந்த மகா சமாஜத்துக்காக 1940-இல் அவர் தந்த சங்க இலக்கியப் பதிப்பு, பாடல்களைப் புலவர் வரிசையில் அடுக்கியது. கபிலர் பாட்டெல்லாம் ஓரிடத்தில், பரணர் பாட்டெல்லாம் ஓரிடத்தில். ஒரு புலவரின் சொல்லாட்சியை முழுதாகப் பார்க்க அந்த அடுக்கு எவ்வளவு உதவுகிறது என்பது புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வழக்கறிஞராக வேண்டியவர் வந்து சேர்ந்த துறை இது என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டத் தோன்றுகிறது.

பிழையே சாட்சி

ஐயர் அனுபவத்தால் கண்டதை ஜெர்மனியில் ஒரு முறையியலாக வளர்த்திருந்தார்கள். கார்ல் லாக்மன் 1850-இல் லுக்ரீசியஸின் லத்தீன் காவியத்தைப் பதிப்பித்தபோது, இருக்கிற பிரதிகளின் பிழைகளை வைத்தே தொலைந்துபோன மூலப் பிரதியின் தன்மையைக் கணித்துக் காட்டினார். இதன் அடிப்படை எளிது. இரண்டு மாணவர்கள் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் எதையும் சொல்ல முடியாது. இருவரும் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்திருந்தால் ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கிறார், அல்லது இருவருமே மூன்றாவது ஆளைப் பார்த்திருக்கிறார்கள். சுவடிகளும் அப்படித்தான். பத்துச் சுவடி ஒரு பாடத்தைக் காட்டுகிறது, ஒன்றுதான் வேறுபடுகிறது என்றால் பத்துக்கு வெற்றி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தப் பத்தும் ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகள் என்றால் அவை ஒரே சாட்சி.

புறநானூற்றைத் திறந்து பாருங்கள். 266-க்குப் பிறகு 269. நடுவிலுள்ள இரண்டு பாட்டும் எந்தச் சுவடியிலும் கிடைக்கவில்லை. நற்றிணையில் 234-ஆம் பாட்டு இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் போய்விட்டன. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வீடுகளில் கிடைத்த ஏடுகளில் எல்லாம் ஒரே இடத்தில் ஓட்டை இருக்கிறது என்றால், எங்கோ ஒரு காலத்தில் ஒரே ஒரு தாய்ச்சுவடி எஞ்சியிருந்தது, அதில் ஏடு உதிர்ந்திருந்தது, அதற்குப் பிறகு பெயர்த்தெழுதியவைதான் நம் கைக்கு வந்தன என்று ஊகிக்க வழி பிறக்கிறது. சங்க இலக்கியம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கி வந்தது என்பதை இந்த எண்கள் காட்டுகிற அளவுக்கு எந்த மேடைப் பேச்சும் காட்டியதில்லை.

இந்த முறையை இந்தியாவில் பெரிய அளவில் கையாண்டவர் வி.எஸ். சுக்தாங்கர். பெர்லினில் பயிற்சி பெற்றவர். புணே பண்டார்கர் நிறுவனம் 1919-இல் தொடங்கிய மகாபாரதச் செம்பதிப்பின் பொறுப்பை 1925-இல் ஏற்றார். ஆதிபருவம் 1933-இல் முடிந்தது. காஷ்மீரத்துச் சாரதா ஏடு முதல் நம் பக்கத்துக் கிரந்தம், தெலுங்கு, மலையாள ஏடுகள் வரை ஒப்பிட்டார்கள். ஒப்புநோக்கும் பணி நடந்த இடங்களில் தஞ்சை சரசுவதி மகாலும் ஒன்று. சுக்தாங்கர் 1943-இல் மறைந்தார், பதிப்பு முடிந்தது 1966-இல். தொடங்கிய காரியம் தன் ஆயுளில் முடியாது என்று தெரிந்தும் அடுத்தவர் தொடரும்படி குறிப்புகளை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் போகிற பழக்கமும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

தமிழ்ச் சுவடிகளில் லாக்மன் வகுத்தது அப்படியே செல்லாது. நம் ஏடெழுதிகளில் பலர் தாங்களே புலவர்கள். மனப்பாடமாக இருக்கும் பாட்டை எழுதும்போது முன்னே இருக்கும் ஏட்டைத் திருத்திவிடுவார்கள். இரண்டு சுவடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நல்ல பாடத்தை எடுத்து மூன்றாவது சுவடி செய்வார்கள். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிவிடும். இதைப் பிரித்துப் பார்க்கும் முறையை இங்கிருந்தே யாராவது உருவாக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

என்னவெல்லாம் கற்க வேண்டும்

முதலில் இலக்கணம். நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் கைவசம் இல்லாமல் ஏட்டின் முன் உட்காரக் கூடாது. தொல்காப்பியத்தை உரைகளோடு படிக்க வேண்டும். உரைகாரர்களின் தமிழ் ஒரு தனி உலகம், அதன் தொடரமைப்பு பழகவே ஒரு வருடம் போகும். அடுத்தது வடமொழி, கூடவே கிரந்த எழுத்து. இதில் மனத்தடை வேண்டாம். சைவ, வைணவ, சமண, பௌத்த நூல்கள் எதை எடுத்தாலும் வடமொழியோ பிராகிருதமோ பாலியோ குறுக்கிடும். வைணவ உரைகளின் மணிப்பிரவாளத்தைப் பதிப்பிக்க நினைப்பவருக்கு இரண்டு மொழியும் சமமாக வர வேண்டும். சொல் வரலாற்றில் ஈடுபடுகிறவர் மலையாளம், தெலுங்கு, கன்னடத்தோடு நிற்க முடியாது. மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரிக்கு வந்து தோடர், கோத்தர் பேச்சைக் குறித்துக்கொண்டு போனார். அந்தக் குறிப்புகளும் சக அறிஞர் பர்ரோவின் உழைப்பும் சேர்ந்துதான் 1961-இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியாக வந்தன. எழுத்தே இல்லாத சிறிய மொழிகள் நம் பெரிய மொழியின் பழமைக்குச் சாட்சி சொல்லும் இடங்கள் அந்த அகராதியில் நிறைய உண்டு.

ஜெர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரிய வேண்டும் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்பதைப் பலர் தேவையில்லாத சுமை என்று நினைக்கிறார்கள். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு தான் திரட்டிய தமிழ் நூல்களைப் பற்றி எழுதிய குறிப்புகள் ஜெர்மன் மொழியில் இருக்கின்றன. புதுச்சேரியில் வேலை பார்த்த எதுவார் அரியேல் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பிரான்சுவா குரோவின் பரிபாடல் மொழிபெயர்ப்பு 1968-இல் பிரெஞ்சில் வந்தது. நம் நூல்களைப் பற்றிய நல்ல ஆய்வு எந்த மொழியில் இருந்தாலும் அந்த மொழியைக் கற்பதே முறை.

பிறகு வருவது எழுத்தும் எண்ணும் காலமும். ஏட்டில் மாவும் காணியும் முந்திரியும் வரும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மருத்துவ ஏட்டில் அளவைத் தப்பாகப் படித்தால் மருந்து தப்பிப் போகும். சுவடியின் முடிவில் எழுதி முடித்த நாள் இருக்கும். வெறுமனே ‘சித்திரபானு வருஷம் ஆவணி மாதம்’ என்று இருந்தால் அது 1762-ஆகவும் இருக்கலாம், 1822-ஆகவும் இருக்கலாம், 1882-ஆகவும் இருக்கலாம். பக்கத்திலேயே ‘கொல்லம் 998’ என்று ஒரு குறிப்பு இருந்துவிட்டால் 1822 என்று அடித்துச் சொல்லிவிடலாம். திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுச் சுவடிகளில் இந்தப் பேறு அடிக்கடி வாய்க்கும். கொல்லம் ஆண்டு இல்லாத இடத்தில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் எழுதியிருந்தால் பஞ்சாங்கக் கணக்குப் போட்டு நாளைப் பிடிக்கலாம். இப்படி நாள் பிடிபடும் ஒவ்வொரு சுவடியும் நாள் தெரியாத பத்துச் சுவடிகளின் எழுத்தை ஒப்பிட உதவும்.

இதெல்லாம் சேர்ந்து மலைப்பாகத் தெரியலாம். ஆனால் நம் பிள்ளைகளில் பலரிடம் எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்க முடியாத ஒரு முதல் இருக்கிறது. தாத்தா சித்த வைத்தியராக இருந்த வீட்டுப் பெண்ணுக்கு மூலிகைப் பெயர்கள் தெரியும். ஒரே செடிக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறுவதும், வைத்தியர்கள் பரிபாஷையில் மறைத்து எழுதுவதும் தெரியும். கூத்து வாத்தியாரின் பேரனுக்கு நாடக ஏட்டின் பாட்டுக்கு என்ன மெட்டு என்று கேட்ட மாத்திரத்தில் பிடிபடும். ஐயர் சமணர் வீட்டுக்குப் போய்த் தேடியது இதைத்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பழந்தமிழ்ப் படிப்பு தங்களுக்கு எட்டாதது என்று ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னும் அச்சேறாமல் கிடப்பவற்றில் வைத்தியம், சோதிடம், நாடகம், தலபுராணம், கதைப்பாடல் ஏராளம். அவற்றைப் படிக்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

எங்கே, எவ்வளவு காலம்

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் உருவானபோதே மற்றப் பல்கலைக்கழகங்களில் இல்லாத துறைகள் அங்கே வர வேண்டும் என்பது எண்ணம். ஓலைச்சுவடித் துறை அப்படி வந்ததுதான். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இருக்கின்றன. புதுச்சேரியில் பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் மையம் சங்கப் பாடல்களையும் உரைகளையும் வரிவரியாக வாசிக்கும் பயிலரங்குகளை நடத்தி வந்திருக்கிறது. பல நாட்டு மாணவர்கள் அங்கே வந்து தரையில் உட்காராத குறையாகப் பாடம் கேட்டார்கள்.

அந்த வாசிப்பு மரபுக்கு வேர் தி.வே. கோபாலையர். 2007-இல் மறையும்வரை புதுச்சேரியில் இருந்தவர். இலக்கணமும் தேவாரமும் பிரபந்தமும் அவர் நாவில் இருந்தன. பிரான்சுவா குரோவும் அவரும் சேர்ந்து 1984-இல் தொடங்கி வெளியிட்ட தேவாரப் பதிப்பு இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று பழந்தமிழ் கற்பிக்கிறவர்களில் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவரிடம் கேட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து இன்னும் எத்தனையோ மாணவர்கள் போயிருக்கலாம். அப்படி ஒருவர் மறைந்தால், அவர் எழுதி வைக்காத பாடமெல்லாம் அவரோடு போகிறது. ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கும் முன் யாரிடம் உட்கார்ந்து படிக்கப் போகிறோம் என்பதைப் பாருங்கள். வழிகாட்டி வாரத்துக்கு ஒரு முறையாவது உங்களோடு ஏட்டைப் பிரித்து வைத்து வாசிப்பாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

வெளிநாட்டில் இன்று இதற்கு முக்கியமான ஊர் ஹாம்பர்க். அங்கே பேராசிரியராக இருக்கும் ஏவா வில்டன் நற்றிணை, குறுந்தொகை, அகநானூற்றின் களிற்றியானை நிரை ஆகியவற்றுக்குக் கிடைத்த சுவடிகளையெல்லாம் ஒப்பிட்டுச் செம்பதிப்புத் தந்தவர். நற்றிணை 2008-இல் வந்தது. கையெழுத்துச் சுவடிகளுக்கென்றே அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. அரபு, எத்தியோப்பிய, சீன, திபெத்திய ஏடுகளை ஆராய்கிறவர்களோடு ஒரே கூரையின் கீழ் தமிழ் ஏட்டை ஆராயலாம். ஹாம்பர்க்கில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும் உண்டு. வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை தேடிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சிகாகோ, பெர்க்லி போன்ற இடங்களில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தால் பணமும் சேர்ந்தே கிடைக்கும், ஆனால் இடம் மிகச் சில. ஏ.கே. ராமானுஜன் 1960-களில் சிகாகோ நூலகத்தின் அடித்தளத்தில்தான் ஐயரின் குறுந்தொகைப் பதிப்பைக் கண்டெடுத்தார். 1967-இல் அவர் மொழிபெயர்ப்பில் ஆங்கில உலகம் குறுந்தொகையைப் படித்தது அதன் விளைவு.

இந்தியாவிலேயே படிப்பவருக்கு யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெறுவதுதான் நல்ல வழி. உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. தமிழ்நாட்டில் ஒரு மாணவர் இதில் கௌரவமாக வாழலாம். 2022 விதிகளின்படி முனைவர் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. சுவடிப் பதிப்புக்கு ஆறையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே வருடத்தில் முடித்துவிடு என்று அவசரப்படுத்துகிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆய்வேடும் வேலையும்

பல்கலைக்கழகங்களோடு எனக்குள்ள வழக்கு இங்கேதான். ஒரு நூலில் இயற்கை, இன்னொரு நூலில் சமூகம் என்று கட்டமைத்த தலைப்புகளுக்கு எளிதாக ஒப்புதல் கிடைக்கிறது. அச்சேறாத சதகம் ஒன்றை நான்கு சுவடிகளோடு ஒப்பிட்டு, பாடபேதம் காட்டி, குறிப்புரை எழுதிப் பதிப்பிக்கிறேன் என்று ஒருவர் வந்தால், “இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?” என்று கேட்கும் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பாடத் தேர்விலும் இலக்கணமும் வரலாறும் தீர்ப்பும் இருக்கிறது. சரியான பதிப்பு ஒன்று நூறு வருடம் பயன்படும். ஐயரின் புறநானூறு 1894-இல் வந்தது, இன்றும் அதைப் பார்க்காமல் யாரும் புறநானூற்றில் கைவைப்பதில்லை. பதிப்பை முழு ஆய்வேடாக ஏற்கும் விதியை எல்லாத் தமிழ்த் துறைகளும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை, ஒரு தீர்மானம் போதும்.

பணம் தேவைப்படும் காரியமும் உண்டு. சுவடி நூலகங்களில் படிப்பாளர் பணியிடங்கள் நிரந்தரமாக வேண்டும். ஒப்பந்தத்தில் ஆறு மாதம், அட்டவணை போட்டவுடன் அனுப்பிவிடுவது என்ற முறையில் யாரும் இந்தக் கலையில் தேற முடியாது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஓலையைக் காப்பாற்றுகிற நூலகம் அதைப் படிக்கிறவரையும் காப்பாற்ற வேண்டும்.

வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முனைவர் பட்டமும் நெட்டும் இருந்தால் கல்லூரி ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி வகுத்த தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் அந்தப் பணியிடங்கள் காலத்தில் நிரம்புவதில்லை. கௌரவ விரிவுரையாளராக வருடங்கள் ஓடிவிடும் அபாயம் உண்மை, அதை மறைத்துப் பிள்ளைகளை அழைப்பது தவறு. நூலகம், அருங்காட்சியகம், கல்வெட்டுத் துறை, அகராதிப் பணி, பதிப்பகம், மொழிபெயர்ப்பு, எண்மமாக்கும் திட்டங்கள் ஆகியவற்றில் சுவடி படிக்கத் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. கணினியில் ஓலை எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளைப் பழக்குகிறவர்களுக்கும், சரியாகப் பெயர்த்தெழுதிய பக்கங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். எரியா ஏரியா என்று சொல்லக்கூடிய மனிதர் இல்லாமல் அந்த மென்பொருளும் நகராது. படிக்கும்போதே நூலகவியலோ கணினியோ ஒன்றைச் சேர்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

தொடங்க நினைப்பவர் அடுத்த சேர்க்கை வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் உள்ளிட்ட தளங்களில் சுவடிப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. திருக்குறளோ நாலடியாரோ, நன்றாகத் தெரிந்த ஒரு நூலின் சுவடியை எடுங்கள். அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஓர் ஏடு படியுங்கள். முதலில் காலையும் ரகரத்தையும் பிரிப்பது, பிறகு ககரத்தையும் சகரத்தையும் தகரத்தையும் பிரிப்பது. ஒரு மாதத்தில் கண் பழகும். அச்சுப் புத்தகத்தை மூடிவிட்டுப் படித்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தபடியாக, உங்கள் ஊர்க் கோயிலுக்குத் தலபுராணமோ பதிகமோ பிள்ளைத்தமிழோ ஏட்டில் இருக்கிறதா என்று சுவடி அட்டவணைகளில் தேடுங்கள். அந்த ஊரின் தெருவும் குளமும் வயலும் உங்களுக்குத் தெரியும். ஏடெழுதியவர் தடுமாறிய பெயர் உங்களுக்குத் தடுமாறாது. பெயர்த்தெழுதிய இருபது பக்கங்களோடு போய்த் துறைத் தலைவரின் கதவைத் தட்டுங்கள்.